அம்மா வந்திருக்கா

சண்முகம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கப்பலில் வந்தது. அதே கப்பல் சனிக்கிழமை இங்கே சாத்தம் துறைமுகத்திலிருந்து மெட்ராஸுக்குத் திரும்புகிறது. அதில் இந்தப் பதில் போனால்தான் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் உன் கைக்குக் கிடைக்கும். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். நீ கேட்டது ஒரு சாதாரணமான காரியம். சின்னப் பிள்ளைகளோடு தூரப் பயணம் போகும்போது நான் ஒரு பட்டியல் வைத்திருப்பேனே, அதைப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். ஜாம்பியா போய்ச் சேர இரண்டு விமானம் மாற வேண்டும், கலா பயப்படுகிறாள், மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று முடியவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். அன்று நாம் கப்பலில் போனபோது உனக்கும் உன் தங்கச்சி வள்ளிக்கும் இருந்த வயதுதான். பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதை எழுதிவிட்டு உறையை ஒட்டியிருக்கலாம். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பட்டியல். ஆளுக்கு ஒரு செட் துணி கையில் இருக்கும் பையில் வை. பெட்டியில் வைத்தது ஊர் போய்ச் சேரும்வரை நமக்கில்லை என்று நினைத்துக்கொள். குடிக்கிற தண்ணீரைத் தனியாக வை, கை கழுவ அதைத் தொடவிடாதே. பிள்ளைகளுக்கு வழியில் புதிய பண்டம் எதுவும் வேண்டாம், வீட்டில் தின்றதே போதும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பொருளைப் பொறுப்பாகக் கொடு. வள்ளிக்கு நான் ஒரு ஈய டம்ளர் கொடுத்தேன், உனக்கு டார்ச் லைட் கொடுத்தேன். பொருளைக் காப்பாற்றுகிற பிள்ளை அழுவது குறைவு. ஊசி போட்ட அட்டைகளைச் சட்டைப் பையில் வை, பெட்டியில் வைக்காதே. இந்த அளவுக்கு நான் நம்பகமான ஆள்தான். முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், எழுதி வைக்க எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் தீவுக்கு வந்து மூன்றாவது வருஷம் அது. உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உன் மாமா வந்து முந்தின கப்பலில் அவளை அழைத்துப் போனார். மெட்ராஸிலிருந்து அவள் எழுதினாள்: நாள் குறித்துவிட்டார்கள், சனிக்கிழமை காலை ஒன்பது மணி, அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போகிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். 'ஒரு தடவை' என்பதை அவள் அடிக்கோடிடவில்லை. நான் படித்தபோது அடிக்கோடு இருந்தது போலத்தான் இருந்தது. நம் கப்பல் வியாழக்கிழமை மெட்ராஸ் சேர வேண்டும். அதை விட்டால் அடுத்தது ஒரு மாதத்துக்கு மேல். நான் லீவு எழுதிக் கொடுத்து, மூன்று பேருக்குப் பங்க் கிளாஸில் இடம் பிடித்தேன்.

புறப்படுகிற நாள் காலையில் வள்ளியைக் குளிப்பாட்டும்போது முதுகில் இரண்டு சிவப்புப் புள்ளி பார்த்தேன். உடம்பு லேசாகச் சுட்டது. மணல் ஈ கடித்தால் அப்படித்தான் இருக்கும், நாம் இருந்த ஷாதிபூரில் மணல் ஈ கடிக்காத பிள்ளை கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மணல் ஈ கடித்தால் வள்ளி சொறிவாள். அன்று அவள் சொறியவில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். என் குறிப்பு நோட்டில் 'வள்ளி, முதுகில் இரண்டு, மணல் ஈ' என்று எழுதினேன். எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்பது போல. பிறகு அந்த வெயிலில் அவளுக்கு முழுக்கை வைத்த கம்பளிச் சட்டை போட்டுவிட்டேன். சாத்தத்தில் கப்பல் ஏணிப்படிக்குக் கீழே நின்ற டாக்டர் பிள்ளைகளுக்கு உடம்பு எப்படி என்று கேட்டார். "நல்லா இருக்காங்க சார்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் நான் துணிந்து பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

பங்க் கிளாஸ் உனக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. கப்பலின் வயிற்றில், இரும்புக் கால்களில் அடுக்கடுக்காகப் பலகைகள். எஞ்சின் சத்தம் பலகை வழியாகப் பல்லுக்குள் வரும். காற்றுக் குழாய்க்குக் கீழே இடம் பிடித்தவர்கள் பாக்கியவான்கள். நான் காற்றுக் குழாயை விட்டுவிட்டு மூலையில் இடம் பிடித்தேன், யாரும் வள்ளியைப் பார்க்கக் கூடாதென்று. உன்னையும் அந்தப் பலகையை விட்டு இறங்கவிடவில்லை. மேல்தளத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற சத்தம் கேட்டது. "நான் ஒரே ஒரு தடவை மேலே போயிட்டு வரட்டாப்பா?" என்று நீ எத்தனை தடவை கேட்டாய் என்று எனக்குக் கணக்கில்லை. கூடாது என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. வள்ளியின் சட்டைக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு புள்ளி பத்தாகிவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்துப் பலகைப் பேச்சியக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவளை உனக்குத் தெரியும், பிற்பாடு நம் வீட்டுக்கு வந்து போவாள். காண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தவரின் மனைவி, நம் திருநெல்வேலிப் பக்கம்தான். வள்ளி தூங்கும்போது சட்டை மேலேறியிருந்தது. பேச்சியக்கா குனிந்து பார்த்தாள், சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அம்மா வந்திருக்கா" என்றாள்.

நான் வள்ளியின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"எதுக்கு முழிக்கிய? பயப்படாதிய. பிள்ளைகிட்டத்தான வந்திருக்கா. தானா வந்தவ தானா இறங்கிருவா. கரைக்குப் போயி மூணு தண்ணி ஊத்துனா எல்லாம் சரியாப் போயிரும்."

"மெதுவாப் பேசுங்கக்கா."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்? எனக்கும் வீடு போய்ச் சேரணும்லா."

நீ மேல்பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. படித்தவன் நான், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதியவன். அம்மை என்று வாயால் சொல்லாமல், மரியாதையாக 'அம்மா வந்திருக்கா' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். உனக்கு நம் ஊரே தெரியாது. மூன்று வயதில் தீவுக்கு வந்தவன் நீ. உனக்கு அம்மா என்றால் ஒரே அம்மாதான், அவளைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா வந்திருக்கிறாள், தங்கச்சியிடம் வந்திருக்கிறாள், கரை வந்ததும் இறங்கிவிடுவாள். உன் காதில் விழுந்தது அதுதான். நான் டம்ளரைக் கழுவப் போய்த் திரும்புவதற்குள் நீ பலகையில் இல்லை.

மேலே போய் நீ என்ன செய்தாய் என்பதைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தளம் முழுக்கத் தேடியிருக்கிறாய். பெண்கள் இருந்த பக்கம் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறாய். கடைசியில் வெள்ளை உடுப்புப் போட்ட, பயணிகளைக் கவனிக்கிற ஒரு கப்பல் ஸ்டூவர்ட்டிடம் போயிருக்கிறாய். வடக்கத்தி ஆள். தெருவில் விளையாடும்போது பேசுகிற இந்தியை விட்டு, உடுப்புப் போட்டவரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்துச் சொல்லை எடுத்திருக்கிறாய். பிரார்த்தனையில் சொல்லிக் கொடுத்த சொல். "மேரா மாதா ஆயா ஹை" என்றாயாம். என் அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்வதாகத்தான் உன் நினைப்பு. அவர்கள் ஊரிலும் அம்மையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மாதா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கிஸ்கோ?" என்றாராம், யாருக்கு என்று. தங்கச்சியிடம் என்று நீ கீழே கையைக் காட்டியிருக்கிறாய்.

நீங்கள் இரண்டு பேரும் ஏணியில் இறங்கி வந்ததை நான் பார்த்தேன். அவர் உன் கையைப் பிடித்திருந்தார். உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "அப்பா, இந்த மாமாவும் அம்மாவைத் தேட வர்றாங்க" என்றாய். அத்தனை பேருக்கும் நடுவில் நான் உன்னை அறைந்தேன். அடித்து வளர்த்தவன் இல்லை நான், உனக்கே தெரியும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நீ அழவில்லை. அறைந்த கன்னத்தைத் தொடக்கூட இல்லை. உன் கையிலிருந்த டார்ச் லைட்டை என்னிடம் நீட்டினாய், பத்திரமாக வைத்திருந்தேன் என்று காட்டுவது போல.

கப்பல் டாக்டர் வந்து வள்ளியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். "ஆஜ் ஹீ தேகா சாப்" என்றேன், இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று. அது இரண்டாவது பொய். என் நோட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. நம் மூவரையும் பின்பக்கம் ஒரு சின்ன அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கட்டில், ஒரு வாளி, திருகி மூடிய ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல். வெளியே தாழ்ப்பாள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். பெரியம்மையா சின்னம்மையா என்று தெரியாது, ஆகவே மெட்ராஸுக்கு வெளியே மஞ்சள் கொடி ஏற்றிக் கப்பலை நிறுத்துவார்கள் என்று செய்தி பரவிவிட்டது. கதவுக்கு வெளியே பங்க் கிளாஸ் ஆட்கள் பேசிக்கொண்டு போவது நமக்குக் கேட்டது.

"குமாஸ்தா மகன் தந்தியை விட வேகமால்லா போயிருக்கான்."

"பொடிப்பய வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா வியாழக்கிழமை அவனவன் வீட்டுல சாப்பிட்டிருப்பான்."

"மெட்ராஸ் போனதும் அவனை ரேடியோவுல சேத்து விடுங்கய்யா."

சிரித்தார்கள். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அப்போது நான் எழுந்து கதவைத் தட்டி, தப்பு என்னுடையது, புறப்பட்ட அன்று காலையிலேயே பார்த்துவிட்டு மறைத்தவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அடி தூரத்தில் கதவு. நான் எழவில்லை. அவர்கள் உன்னைச் சொல்கிற வரையில் என்னைச் சொல்லவில்லை என்று ஒரு நிம்மதி எனக்கு இருந்தது, சண்முகம். இந்த வாக்கியத்தைத்தான் மூன்று நாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் வெளியே நங்கூரம் போட்டது. அது காற்றுக்குச் சுற்றும்போது கண்ணாடியில் கொஞ்ச நேரம் ஊர் தெரியும், சிவப்புக் கட்டிடங்கள் தெரியும், பிறகு கொஞ்ச நேரம் வெறும் கடல். வெள்ளிக்கிழமை துறைமுக டாக்டர் படகில் வந்து பார்த்துவிட்டு, பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். சனிக்கிழமை காலை நான் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு ஊர் தெரிந்தது. ஒன்பதரைக்குக் கடல். பத்தரைக்கு மறுபடி ஊர். அந்தக் கட்டிடங்களுக்கு நடுவில் எங்கேயோ அவள் மேஜையில் கிடக்கிறாள், கண்ணை மூடும்வரை வாசலைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் மூன்று நாள் அந்த அறையில் இருந்தோம். சத்தம் போட்டால் திறப்பார்களா என்றுகூட நான் சோதித்துப் பார்க்கவில்லை. வாளியைக் கழுவி வைத்தேன், துணியை மடித்து வைத்தேன், வள்ளியின் காய்ச்சலை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டேன். நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா எந்தப் பக்கமாப்பா இறங்குவா?" கேலி செய்கிறாய் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். என் புத்தி அப்படி இருந்தது.

திங்கட்கிழமை, சின்னம்மைதான் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். வள்ளியை உன் மாமா வீட்டில் தனி அறையில் விட்டுவிட்டு, டாக்டர்களைக் கேட்டுக்கொண்டு, உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் உயிரோடு இருந்தாள். கஞ்சி போட்ட துணி போல வெளுத்துக் கிடந்தாள். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவள் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், "ஏங்க இம்புட்டு நாளு? சனிக்கிழமை நான் எம்புட்டு நேரம் பார்த்தேன் தெரியுமா?" அறைக்கதவு இல்லை அங்கே, ஆட்கள் இல்லை, கொடி இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட எளிய இடம் கிடையாது. நான் சொன்னேன், "உன் மகன் வாயைத் திறந்துட்டான். அதான் கப்பலை நிறுத்திட்டாங்க."

அதற்குப் பிறகு அந்தக் கதை நம் வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. பேச்சியக்கா சொல்வாள், உன் மாமா சொல்வார், ஆறு வயதில் கப்பலை நிறுத்தியவன் என்று. நீயும் சிரிப்பாய். நீ குறைவாகப் பேசுகிற பையனாக வளர்ந்தாய், அதைப் பொறுமை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு நீ உன் அம்மாவை 'மா' என்றுதான் கூப்பிடுகிறாய். தீவில் வளர்கிற பிள்ளைகளுக்கு இந்திப் பழக்கம் ஒட்டிக்கொள்வது சகஜம் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். வள்ளியும் இதே தீவில்தான் வளர்ந்தாள். அவள் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். இதற்கு நான் இல்லாத அர்த்தம் கற்பிக்கிறேனோ, தெரியவில்லை. எதிலும் எனக்கு நிச்சயம் கிடையாது. ஆனால் என் நோட்டில் எழுதாத எதையும் நான் இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பங்க் கிளாஸில் கைக்குழந்தைகள் இருந்தன. எத்தனை வீட்டுக்கு வள்ளியின் அம்மை போனது என்று எனக்குத் தெரியாது. பேச்சியக்காவின் பையனுக்கு வந்து இறங்கியது. மற்றவர்களை நான் விசாரிக்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று விசாரிக்கவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரோ. அந்தக் கப்பலில் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்த ஒரே ஆள் நீதான், அதுவும் தெரியாமல்.

இப்போது உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். 'விமான நிலையத்தில் யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று மூத்தவனை இப்போதே பழக்குகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். சாதாரணமாக எழுதியிருக்கிறாய், எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். நான் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். வேண்டாம், சண்முகம். பட்டியலில் உள்ள மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. அவனிடம் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், வழியில் யார் என்ன கேட்பார்கள் என்று அவனுக்குப் புரிகிற சொல்லில் சொல்லிவிடு. அதிகாரி கேட்டால் அவனே பதில் சொல்லட்டும். சின்னவளுக்கு அன்று காய்ச்சல் இருந்தால், இருக்கிறது என்று நீ முதலில் சொல். விமானம் போனால் போகட்டும். அவன் ஏதாவது உளறி நீங்கள் ஒரு நாள் அங்கேயே உட்கார வேண்டி வந்தாலும், அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

முந்தாநாள் இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் முழுவதும் கேட்டாள். கடைசியில் சொன்னாள், "நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னப்போ அவன் கட்டில் கம்பியைப் பிடிச்சிருந்தான். ஒரு ஒரு விரலா எடுத்தான். எனக்கு மயக்கம் தெளியலை, வெக்கப்படுதான்னு நினைச்சேன்." மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, "இதை என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? கேக்க வேண்டியவன் மெட்ராஸ்ல இருக்கான்" என்றாள். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. இன்று காலைதான் காப்பி கொடுத்தாள்.

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய சொல் படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். யார் தப்புச் செய்தது, யார் திருத்தியது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஆகவே இப்படித் திருத்துகிறேன்: கப்பலை நிறுத்தியவன் நான். உன் அம்மாவை அந்தச் சனிக்கிழமை காத்திருக்க வைத்தவன் நான். நீ தேடியபோது அவள் கப்பலில் இல்லை, வந்திருந்தது வேறு. அதை உனக்கு எடுத்துச் சொல்லாமல் அறைந்தவனும் நான். இதை நீ கலாவிடமும் வள்ளியிடமும் காட்டலாம். மூத்தவன் படிக்கிற வயது வந்ததும் அவனிடமும் காட்டலாம்.

அப்பா

உன் அம்மா கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னாள். அவள் பங்குக்கு ஏதாவது எழுதச் சொன்னேன். எழுத ஒன்றும் இல்லை, கையெழுத்து மட்டும் போடுகிறேன் என்றாள்.

அம்மா